கழிமுகம் பற்றிப் பேசப் போன இடங்கள்

ஆறு கடலில் கலக்கிற கழிமுகத்தைப் பற்றியும் அங்கே வளரும் அலையாத்திக் காட்டைப் பற்றியும் ஊர் ஊராகப் போய்ப் பேசுவது என் வேலை. யாரும் கேட்காத பேச்சுக்குச் சம்பளம் வாங்குகிற தொழில். திருத்துறைப்பூண்டியில் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். சொத்து என்று பார்த்தால் ஒரு ஸ்டாண்ட், அதில் மாட்டிப் புரட்டிக் காட்டுகிற படங்கள், பாதியில் நின்றுபோகிற மைக். சேமிப்பு, சுகாதாரம், சாலைப் பாதுகாப்பு என்று எதையாவது சொல்லிக்கொண்டு ஊருக்குள் போகிறவர் நீங்களும் என்றால், இதைப் படிக்கும்போதே உங்களுக்குத் தொண்டை வறளும்.

நண்டு

ஒரு நடுநிலைப் பள்ளிக்கு உயிருள்ள சேற்று நண்டு இரண்டை வாளியில் எடுத்துப் போயிருந்தேன். படத்தில் காட்டிக் காட்டி எனக்கே அலுத்துவிட்டது. வெயிலில் நண்டு செத்துவிடக் கூடாதே என்று வாளியைச் சத்துணவுக் கூடத்து வாசலில் நிழலாகப் பார்த்து வைத்துவிட்டு, தலைமை ஆசிரியரைப் பார்க்கப் போனேன். பள்ளிக்குச் சுற்றுச்சுவர் இல்லாத குறையை அவர் முக்கால் மணி நேரம் சொன்னார். சுவர் கட்டித் தருகிற ஆள் நான் இல்லை என்று சொல்ல இடமே கிடைக்கவில்லை.

திரும்பி வந்தால் வாளி கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. உள்ளேயிருந்து மிளகு வாசனை. சார்களுக்கு யாரோ கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று சமையல்கார அக்கா நினைத்துவிட்டார். விஷயம் தெரிந்ததும் ரொம்பவும் சங்கடப்பட்டார். பிறகு ஒரு தட்டை எடுத்து நீட்டினார்.

"கோவிச்சுக்காதீங்க டீச்சர். நண்டு ஓட்டை உடைக்காம எடுத்து வெச்சிருக்கேன். பாடத்துக்கு அது போதும்ல?"

கடைமடை

ஆற்றுத் தண்ணீர் கொஞ்சமாவது கடலுக்குப் போய்ச் சேர வேண்டும், அப்போதுதான் கழிமுகத்தில் உப்பு ஏறாமல் இருக்கும். என் பேச்சில் இது ஏழாவது படம். காவிரிப் பாசனத்தின் கடைசி ஊர்களில், அதுவும் தண்ணீர் வராத வருடத்தில், இதைச் சொல்லக் கூடாது என்று எனக்கும் தெரியும். அந்தக் கூட்டத்தைத் தள்ளி வைக்கலாம் என்றேன். தேதி குறித்தாகிவிட்டது, போய்விட்டு வா என்றது அலுவலகம்.

ஊராட்சிக் கட்டடத்தில் இருபது பேர் இருந்தார்கள். வெளியே விதைத்த சம்பா முளைத்த கையோடு தண்ணீரில்லாமல் மஞ்சளாகிக் கருகி நின்றது. முன் வரிசையில் கலியபெருமாள் என்கிற விவசாயி மடியில் ஒரு பிடி காய்ந்த பயிரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏழாவது படத்துக்கு வந்துவிட்டேன். என் அம்மா நாற்று நட்டது இந்த மாதிரி வயல்களில்தான். ஆனாலும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. எழுந்து நின்று, நிதானமாகத்தான் கேட்டார்.

"கடலுக்குத் தாகம்னு சொல்ல நீங்க வந்துட்டீங்க. எங்களுக்குத் தாகம்னு சொல்ல யாரும்மா போறது?"

மூன்றாவது படம்

தரங்கம்பாடியில் மீன் விற்கிற பெண்களுக்கு ஒரு கூட்டம். குஞ்சு மீன்கள் கழிமுகத்தில் வந்து வளர்வதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். செல்வி என்று ஒரு அம்மா எழுந்து வந்து, படத்துக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தார். மடவைக்குக் கீழே கொடுவா என்றும், கொடுவாவுக்குக் கீழே மடவை என்றும் எழுதியிருப்பதாகச் சொன்னார். பார்த்தேன். அப்படித்தான் இருந்தது.

அந்தப் படம் போகாத பள்ளிக்கூடம் இல்லை. கல்லூரிகளில் காட்டியிருக்கிறேன், ஆய்வுக்கு வந்த அதிகாரிகளுக்குக் காட்டியிருக்கிறேன். எல்லோரும் தலையாட்டியிருக்கிறார்கள். எத்தனை நாளாக இது இருக்கிறது என்று செல்வியம்மா கேட்டார். நாலு வருடம் என்றேன்.

"நாலு வருஷமாவா? அப்ப இதுவரைக்கும் யாருமே பாக்கலையா?"

தொண்டை

முத்துப்பேட்டையில் எங்களுக்குப் படகு ஓட்டுகிறவர் சாகுல் பாய். பன்னிரண்டு வருடம் வளைகுடாவில் டிரைவராக இருந்துவிட்டு வந்தவர். ஒரு நாள் மாணவிகளை அலையாத்திக் காட்டுக்குக் கூட்டிப் போகும்போது எனக்குச் சுத்தமாகக் குரல் போய்விட்டது. பாய்தான் பேசினார். வளைகுடாவில் ஒரு வெள்ளிக்கிழமை விடுமுறையில், வேலி போட்டு டிக்கெட் வைத்துக் காட்டிய அலையாத்தி மரத்தைப் போய்ப் பார்த்ததையும், அட, இது நம்ம ஊர் மரமாச்சே என்று வரிசையில் நின்றபடி ஊர் ஞாபகம் வந்ததையும் சொன்னார். பிள்ளைகள் இறங்க மாட்டேன் என்றன.

கரையில் அவரிடம், பிள்ளைகள் எப்படி பாய் இப்படிக் கேட்டார்கள் என்று காற்றுக் குரலில் கேட்டேன்.

"நீங்க சொல்றதைத்தான் சொன்னேன் மேடம். நடுவுல 'புரிஞ்சுதா, புரிஞ்சுதா'ன்னு மட்டும் கேக்கலை."

அண்ணன்

என் அப்பாவும் அம்மாவும் காலமெல்லாம் அடுத்தவர் வயலில் வேலை பார்த்து, கடைசியாக வாங்கியது ஆறு மா நிலம், அதாவது இரண்டு ஏக்கர். அண்ணன்தான் பயிர் வைக்கிறார். இரண்டு வருடம் தொடர்ந்து சம்பா பொய்த்தது. இறால் பண்ணை போட அந்த நிலத்தைக் குத்தகைக்குக் கேட்டு ஒருவர் வந்தார். பண்ணைக்கு விட்டால் மண் உப்பாகிவிடும், பிறகு நெல் வராது. இதைச் சொல்லத்தான் அடுத்த பஸ்ஸில் ஊருக்குப் போனேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணனிடம் படம் இல்லாமலே முழுப் பேச்சையும் பேசி முடித்தேன்.

அண்ணன் தட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "ஊருக்குப் பேசுறதை எங்கிட்ட பேசாத. தங்கச்சியா எதாவது சொல்லணும்னா சொல்லு." பயமா இருக்குண்ணே என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

மூன்று வாரம் கழித்து, குத்தகைக்கு விடவில்லை என்று போன் வந்தது. அலுவலகம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். என் பேச்சால் ஒரு வயல் தப்பியது என்று அறிக்கையில்கூட எழுதிவிடலாம் என்று இருந்தேன். பொங்கலுக்குப் போனபோது, நான் சொன்னதில் எது மனதில் பட்டது என்று அண்ணனிடம் ஆசையாகக் கேட்டேன்.

"நீ சொன்னதுக்கு இல்ல. பக்கத்து ஊர் பண்ணையைப் பாக்கப் போனேன். அங்க வாய்க்கால்ல மூஞ்சி கழுவினேன், வாயில உப்புக் கரிச்சுது. அவ்வளவுதான்."

ஒன்பது வருடத்தில் என் பேச்சால் யார் மாறினார்களோ தெரியாது, எதிரில் இருப்பவர் வாயைத் திறந்தால் என் வாயை மூடிக்கொள்ள மட்டும் நான் நன்றாகவே பழகிவிட்டேன்.