பின்பக்கம் தாழ்ந்த கார்

செங்கலடிக் கோணாமலையை ஏமாற்றியவன் இந்தப் பகுதியில் ஒருவனும் இல்லை. அவர் அப்படித்தான் சொல்வார், கேட்பவர்களும் தலையாட்டுவார்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். அரிசி ஆலையில் மூட்டை சுமந்து, லொறியில் கிளீனராய்த் தொங்கி, பிறகு அதே லொறியை ஓட்டி, ஐம்பத்தெட்டாவது வயதில் சொந்தமாய் ஒரு பழைய டட்சன் வேகன் கார் வாங்கினார். கூடப் படித்து உத்தியோகமான இரண்டு பேர் இன்னும் சைக்கிள்தான் மிதிக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல மறக்க மாட்டார்.

கார் வாங்கியது சுனாமி வந்து ஆறு மாதத்தில். கடல் குடித்த வண்டிகளைக் கழுவி மினுக்கி விற்றுக்கொண்டிருந்த நேரம். கோணாமலை விடுவாரா? விற்றவர் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருக்க, கதவுப் பிணைச்சல், பொனற் மூடி ஆணி, ஆசனத்துக்குக் கீழே இருந்த இரும்பு என்று ஒவ்வொன்றையும் நாக்கால் நக்கிப் பார்த்தார். உப்புக் கரிக்கவில்லை. அதற்குப் பிறகுதான் கைகொடுத்தார். வாங்கிய அன்றே பற்றரி, வண்டி தூக்கும் ஜக், உதிரிச் சக்கரம் எல்லாவற்றிலும் ஆணியால் ‘கோ’ என்று கீறி வைத்தார். எவனும் மாற்றிவிடக் கூடாதல்லவா.

இரண்டாயிரத்தெட்டில் கதிரவெளிப் பக்கம், சண்டையில் இடம்பெயர்ந்த சனம் திரும்பிக் குடியேறியிருந்தது. பஸ் வந்தால் வந்தது, இல்லாவிட்டால் இல்லை. ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் கோணாமலையின் காரைத்தான் சனம் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் காரின் பின்பக்கம் தாழத் தொடங்கியது. ஆள் ஏறாமலே ஐந்து பேர் ஏறின மாதிரிக் குந்திக்கொண்டு நின்றது. வேறு காலமென்றால் யார் கவனிப்பார்கள்? அந்தக் காலத்தில் வெறும் வண்டி தாழ்ந்து நின்றால், உள்ளே எதையோ ஒளித்திருக்கிறான் என்றுதான் அர்த்தம்.

மாங்கேணிக்கு இந்தப் பக்கம் இருந்த ஆமிச் சோதனைச் சாவடியில், அந்தச் சென்றியில், அரைகுறைத் தமிழ் பேசும் ஒரு சார்ஜன் நின்றான். ஒருநாள் காரைச் சுற்றி இரண்டு தரம் நடந்தான். ஆசனங்களைக் கழற்றி வீதியில் வைக்கச் சொன்னான். கம்பியால் குத்தினான், தட்டிப் பார்த்தான். ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாததால்தான் அவனுக்குச் சந்தேகம் கூடியது.

“ஐயா, ஆள் இல்ல. சாமான் இல்ல. ஏன் பின்னுக்குப் பதிஞ்சி இருக்கு?”

“பழைய கார், சேர்.”

“அடுத்த முறை இப்படி வந்தா, அடித்தட்டு வெட்டிப் பாக்கிறது.”

அடித்தட்டை வெட்டினால் கார் போயிற்று. அதன் பிறகு அதைக் கோழி வளர்க்கத்தான் வைத்திருக்கலாம். மூட்டை சுமந்து வந்த முதுகு அன்று இரவு முழுக்க நோகிறது போல் இருந்தது அவருக்கு.

நோய் என்னவென்று அவருக்கு நிச்சயம். குனிந்து பார்த்தார். பின் ஸ்பிறிங் என்பது ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கிய இரும்புப் பட்டைகள்தான்; அதன் மேல் பிளேட் முழுசாய் இருந்தது. சொக் அப்சோபர் இரண்டும் எண்ணெய் கக்கிக் கறுத்திருந்தன. சொக் செத்துவிட்டது, அதனால்தான் கார் குந்திவிட்டது என்று முடிவுகட்டி, ஏறாவூருக்குப் போய்ப் புதிதாக இரண்டு வாங்கி, அவற்றிலும் ‘கோ’ கீறினார். செங்கலடிக் கராஜ்காரர் இருவரோடும் ஏற்கெனவே சண்டை. அதனால் ஓட்டமாவடியில் சாலிஹின் கராஜுக்குக் கொண்டுபோனார்.

சாலிஹ் நாற்பது வயதுக்காரர், வாய் கொஞ்சம், கை அதிகம். சொக்கைக் கையில் வாங்காமல் முதலில் ஸ்பிறிங்கைப் பார்த்தார். பிளேட்டைத்தான் கழற்ற வேண்டும், சொக் பாரம் தூக்காது என்றார். கோணாமலைக்கு உள்ளுக்குள் மணி அடித்தது. ஒரு வேலைக்கு வந்தவனிடம் இரண்டு வேலை பிடுங்கப் பார்க்கிறான். அந்த வருடங்களில் அவருடைய தமிழ் ஊரும் சாலிஹின் முஸ்லிம் ஊரும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்தன. அந்தக் கணக்கையும் மனதுக்குள் சேர்த்துக்கொண்டார். சொன்னதை மட்டும் செய்யும்படி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

சாலிஹ் புதுச் சொக்கைப் பூட்டிக் கொடுத்தார். கார் பள்ளத்தில் துள்ளாமல் மெத்தென்று ஓடியது. ஆனால் வீட்டு வாசலில் நிறுத்திப் பார்த்தால் பின்பக்கம் பழையபடி குந்தியிருந்தது. மனைவி கண்ணகை, காருக்கும் உங்களைப் போல இடுப்புப் பிடித்துவிட்டதா என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். கோணாமலைக்கு எல்லாம் வெளித்துவிட்டது: புதுச் சொக்கை எடுத்துவிட்டுக் கடலில் கிடந்ததைப் பூட்டியிருக்கிறான். மண்ணில் மல்லாந்து காருக்குக் கீழே போனார். இடது சொக்கில் ‘கோ’ இருந்தது. வலதிலும் இருந்தது. வெளியே வந்து வெகுநேரம் இடுப்புச் சாரத்தில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு நின்றார்.

மறுநாள் மறுபடியும் ஓட்டமாவடி. சாலிஹ் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். காரின் பின்மூலையைப் பலமாக அமத்திக் கையை எடுத்தார். அது ஒருதரம் எழும்பி அப்படியே நின்றது.

“முந்தி நாலுதரம் ஆடினது. இப்ப நிக்குது. சொக்குட வேலை இதான் அண்ணன், ஆட்டத்தை நிப்பாட்டுறது. தூக்கிறது பிளேட்.”

“அப்ப பிளேட்டைக் கழட்டு. நான் இஞ்சயே இருக்கன்.”

ஒரு வெறும் பீப்பாவைக் கவிழ்த்துப்போட்டு அதில் குந்தினார். தேத்தண்ணி வந்தது, சாலிஹ் தன்னுடையதைக் குடிக்கும்வரை அவர் தொடவில்லை. அடுக்கில் சேர்க்கவென்று சாலிஹ் ஒரு பழைய பிளேட்டைக் கொண்டுவந்தபோது அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

“இது எந்த வண்டிட? கடலுக்குள்ள போனதா?”

“மலைநாட்டு வண்டி அண்ணன். நக்கிப் பாருங்க.”

நக்கிப் பார்த்த கதை ஓட்டமாவடிவரை வந்திருக்கிறது என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

சாலிஹ் யூ போல்ட்டுகளைத் தட்டிக் கழற்றி, பிளேட் அடுக்கை நிலத்தில் போட்டுப் பிரித்தார். இரண்டாவது பிளேட் நடுவில் இரண்டாக முறிந்து கிடந்தது. மேல் பிளேட்டும் பிடியும் மறைத்ததால் வெளியே தெரியவில்லை. பிளேட்டுகளுக்கு இடையே துருவோடு கட்டிபட்டிருந்த மண் பொலபொலவென்று கொட்டியது.

“கதிரவெளி ரோட்டு மண்,” என்றார் கோணாமலை, அவசரமாக.

“ரோட்டு மண் சிவப்பு அண்ணன். இதுக்குள்ள சிப்பி கிடக்கு.”

சாலிஹ் சம்மட்டியை எடுத்து, கொண்டுவந்த பிளேட்டை அடுக்குக்கு ஏற்ப வளைக்கத் தொடங்கினார். கோணாமலை ஒரு துண்டுச் சிப்பியை எடுத்து விரலால் நசித்தார். கடல் குடிக்காத கார் என்று மூன்று வருடமாக ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்ததெல்லாம் அந்த நுனிவிரல் அளவுச் சிப்பியில் வந்து நின்றது.

பின்னேரம் கார் நிமிர்ந்து நின்றது. கதிரவெளிக்கு வெளிக்கிடும்போது சாலிஹ் முறிந்த பிளேட்டை மண்ணோடு சாக்கில் சுற்றிப் பின்னால் வைத்தார். ஆமி கேட்டால் காட்டலாம் என்றார். ஓட்டமாவடி தாண்டியதும் கோணாமலைக்கு மறுபடி மணி அடித்தது. சாக்குக்குள் இரும்பு. சென்றியில் மாட்டிவிடத்தான் இந்த ஏற்பாடோ? வீதியோரம் நிறுத்தி, சாக்கைத் தூக்கிக்கொண்டு பற்றைக்காடுவரை போனார். அங்கே இன்னொரு யோசனை வந்தது. பற்றைக்குள் சாக்கு எறிகிற கிழவனை எந்த ஆமிக்காரன் சும்மா விடுவான்? திரும்பக் கொண்டுவந்து வைத்தார்.

சார்ஜன் காரைக் கண்டதும் கை காட்டினான். இந்த முறை நிமிர்ந்து நின்றதுதான் அவனுக்குச் சந்தேகம்.

“முந்தி பதிஞ்சி. இப்ப இல்ல. சாமான் இறக்கினதா?”

கோணாமலை சாக்கை விரித்தார். சார்ஜன் முறிவைப் பார்த்தான். மண்ணை உள்ளங்கையில் தேய்த்தான். “சுனாமி,” என்றான் மெதுவாக. கோணாமலை முதன்முதலாக அதை ஒப்புக்கொண்டு ஓம் என்றார். அடித்தட்டைக் கம்பியால் ஒருதரம் தட்டிவிட்டு, சார்ஜன் கொப்பியை எடுத்தான்.

“வேலை யார் செஞ்ச?”

அந்தக் கொப்பிக்குள் போன பெயர் எங்கெல்லாம் போகும் என்று யாருக்குத் தெரியும்.

“நான்தான், சேர். நானே கழட்டி நானே பூட்டின.”

சார்ஜன் அவர் கைகளைப் பார்த்தான். நகத்தில் ஒரு பொட்டுக் கிறீஸ் இல்லை. “கழுவின,” என்றார் கோணாமலை. சார்ஜன் எழுதிக்கொண்டான்; தடை விலகியது; கார் முழுசாய்க் கதிரவெளிக்குப் போய், முழுசாய்த் திரும்பி வந்தது. திரும்பும்போது சார்ஜன் மறுபடி மறித்தான். முகாம் ஜீப் ஒன்றும் பின்னுக்குப் பதிகிறதாம். வெள்ளிக்கிழமை ஐயா வந்து பார்க்க வேண்டுமாம்.

கோணாமலை காரை நேரே சாலிஹின் கராஜ் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். இறங்கி, அந்தப் பீப்பாவைத் தானே இழுத்துப்போட்டு அமர்ந்தார்.

“தம்பி, எந்த ஆணிய முதல்ல கழட்டுற எண்டு ஒருக்கா வடிவாச் சொல்லு.”

சாலிஹ் கையிலிருந்த வேலையை வைத்துவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தார்.

“ஏன் அண்ணன், என்ட கராஜுக்குப் பக்கத்தில கராஜ் போடப் போறீங்களா?”