பாதிப் பேட்டி

அந்தப் பெரிய ஓட்டலின் கண்ணாடிக் கதவைத் திறந்துவிடுவதுதான் அவருக்கு வேலை. வருகிறவர் கை நீட்டினால் குலுக்குவார், தலையசைத்தால் தலையசைப்பார், கண்டுகொள்ளாமல் போனாலும் சிரித்த முகமாகவே நிற்பார். கூட வேலை செய்கிறவர்களுக்கு அவர் பெயர் ‘சல்யூட்’.

நாட்டின் தலைவர் வெளிநாடு போன இடத்தில், அந்த ஊர் மன்னர் முன்னால் இடுப்பு வளையக் குனிந்துவிட்டார். மறுநாளே இங்கே ஊர் இரண்டுபட்டது. மானம் கப்பலேறிவிட்டது என்றது எதிர்க்கட்சி. மரியாதை தெரிந்தவர் என்றது ஆளுங்கட்சி. அந்தச் சூட்டோடு தொலைக்காட்சி நிருபர் ஒருத்தி ஓட்டல் வாசலுக்கு மைக்கோடு வந்து, பெரிய விருந்தாளி வந்தால் எவ்வளவு குனிவீர்கள் என்று சல்யூட்டிடம் கேட்டாள்.

அவர் தலையை லேசாகச் சாய்த்துக் காட்டினார். “இவ்வளவுதான் குனிவேன். ஆனா இது என் வேலை. அவரு போனது இன்னொருத்தர் வீட்டுக்கு. அந்த வீட்டு வழக்கப்படி குனிஞ்சா என்ன குறைஞ்சு போச்சு?”

மாலைச் செய்தியில் “இவ்வளவுதான் குனிவேன்” மட்டும் வந்தது. பக்கத்திலேயே தலைவரின் வளைந்த முதுகு.

சல்யூட்டுடைய மனைவியின் அண்ணன் ஆளுங்கட்சியில் கொஞ்சம் பெரிய கை. உன் புருஷன் என் மூக்கை அறுத்துவிட்டான் என்று தங்கையிடம் போனில் கத்தியதோடு வீட்டுப் பக்கம் வருவதையே விட்டுவிட்டார். ஓட்டலிலோ பாதிப் பேர் சல்யூட்டோடு செல்ஃபி எடுக்க நின்றார்கள். மீதிப் பேர் முறைத்துக்கொண்டு பக்கத்துக் கதவு வழியே போனார்கள். தலைவலி பொறுக்காத மேனேஜர் அவரைப் பின்பக்கம் பெட்டிகள் வைக்கும் அறைக்கு மாற்றினார். சல்யூட் நிருபருக்குப் போன் போட்டு, தான் பேசியது முழுவதையும் போடச் சொன்னார். நேரம் பத்தவில்லை அண்ணா என்று அவள் வைத்துவிட்டாள்.

“நான் சொன்னதை ஒருத்தரும் கேக்கலையே,” என்று மனைவியிடம் புலம்பினார்.

“உங்களை யாருங்க வாயத் திறக்கச் சொன்னா?” என்றாள் அவள்.

சில மாதங்களில் தேர்தல் வந்தது. இரண்டு கட்சிகளும் கூட்டணி சேர்ந்தன. தலைவர்கள் மேடையில் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அன்று சாயங்காலமே மச்சான் சிரித்துக்கொண்டு வந்து கையை நீட்டினார்.

“அதெல்லாம் அரசியல் மாப்ள. மனசுல வச்சுக்காத.”

“அப்ப நான் முழுசா என்ன சொன்னேன்னு இப்பவாவது கேக்கறீங்களா மச்சான்?”

“பழசைக் கிளறாதப்பா. டீ போடச் சொல்லு.”

நீட்டிய கை நீட்டியபடி இருந்தது. மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் குலுக்கினார், டீயும் போடச் சொன்னார்.

மறுநாள் மேனேஜரிடம் போய், சண்டைதான் ஓய்ந்துவிட்டதே, பழையபடி வாசலுக்கு அனுப்புங்கள் என்றார். புது ஆள் நன்றாகப் பழகிவிட்டான், இப்படியே இருக்கட்டும் என்றார் மேனேஜர். பெட்டி அறைக்குத் திரும்பியவர், யாருடையதோ ஒரு கனத்த சூட்கேஸைத் தூக்கி, தேவைக்கு மேல் ஓங்கித் தரையில் வைத்தார்.