பஸ் டிரைவரின் பெயர் இருந்த கல்

ஊர்க்கோடியில் பஸ் திரும்பும் இடத்தில் ஒரு நினைவுக்கல். முன்பக்கத்தில் பழைய போரில் இறந்தவர்களின் பெயர்கள். அவர்களை நேரில் பார்த்தவர் இன்று யாருமில்லை. பின்பக்கம் அதற்குப் பின் வந்த போரில் இறந்தவர்களுக்கானது. அதில் கடைசிப் பெயர் அந்த ஊர் பஸ் டிரைவருடையது. மனிதர் உயிரோடுதான் இருந்தார். பஸ்ஸை நிறுத்திவிட்டு, தன் பெயரில் படிந்த பாசியைத் தானே தேய்த்துக்கொண்டிருப்பார்.

"என்னண்ணே, சமாதிய குளிப்பாட்டியாச்சா? கிளம்பலாமா?" என்று கண்டக்டர் விசிலை ஊதுவார்.

போர்முனையில் டிரைவரோடு இருந்தவன் அடுத்த தெருத் தையல்காரம்மாவின் மகன். காய்ச்சலில் அவன் வெடவெடவென்று நடுங்கியபோது டிரைவர் தன் கோட்டைக் கழற்றிப் போர்த்திவிட்டார். விடிந்ததும் குண்டு விழுந்தது. டிரைவர் எதிரிகளிடம் பிடிபட்டார். கோட்டுப் பையிலிருந்த அடையாள அட்டையைப் பார்த்து, படையினர் நண்பனின் உடலை டிரைவரின் பெயரில் புதைத்துவிட்டார்கள். போர் முடிந்து அவர் ஊர் திரும்பியபோது கல்லில் பெயர் வெட்டி, மாலை போட்டு, எல்லாம் முடிந்திருந்தது.

சொல்ல வேண்டியதை மனதுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு தையல்காரம்மாவின் வீட்டுக்குப் போனார். வாசலில் அவரைக் கண்டதும் அவள் மெஷினை விட்டு எழுந்து ஓடி வந்தாள்.

"கல்லுல பேரு ஏறின நீயே வந்துட்டியேப்பா! என் பிள்ள பேரு அதுல இல்லவே இல்ல. அவன் மட்டும் எங்க போயிடுவான்?"

டிரைவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வந்துடுவான்மா" என்றார்.

பெயரை எடுக்க ஊர்ச் சபை கல்தச்சரை அனுப்பியது. எடுத்தால், அந்தக் குழியில் கிடப்பது யார் என்ற கேள்வி வரும். "இருக்கட்டும் விடுங்க, என்னைக்கா இருந்தாலும் தேவைப்படுமில்ல" என்றார் டிரைவர். ஊரே சிரித்தது. பிறகு கட்டிக்கொண்டு வந்த மனைவி மட்டும் சிரிக்கவில்லை.

"உசுரோட இருக்கிற புருஷன் பேர தினமும் கல்லுல பாக்கணும்னு எனக்கென்ன தலையெழுத்து?"

அவளிடம் மட்டும் உண்மையைச் சொன்னார். அதன்பின் அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

தையல்காரம்மா வருடந்தோறும் மகனுக்கு ஒரு சட்டை தைத்தாள். "கொஞ்சம் போட்டுக் காட்டுப்பா, ரெண்டு பேரும் ஒரே அளவுதானே" என்பாள். டிரைவர் கையை விரித்து நிற்பார். அவள் சாக்குக்கட்டியால் கோடு போடுவாள். அவருக்குத் தொப்பை விழுந்த பிறகு, "நீ ஊதிட்ட. அவன் அப்படியேதான் இருப்பான்" என்று சட்டையின் இடுப்பைக் குறுக்கித் தைத்தாள். அன்று வீட்டுக்கு வந்தவர் சாப்பிடாமலேயே படுத்துக்கொண்டார்.

அவர் ஓய்வு பெற்ற பிறகு தையல்காரம்மா படுக்கையில் விழுந்தாள். டிரைவரும் மனைவியும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டார்கள்.

"அவன் வந்தா வீட்டுச் சாவி உன்கிட்ட இருக்குன்னு சொல்லிடுப்பா."

"சொல்றேம்மா."

அவளை அடக்கம் செய்த கையோடு, வெளியூரிலிருந்து வந்திருந்த அவள் மகளிடம் டிரைவர் எல்லாவற்றையும் சொன்னார். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அம்மாவுக்குச் சொல்ல மனசு வரல, சரி. எனக்குச் சொல்லியிருக்கலாமேண்ணே? கதவு தட்டுற சத்தம் கேட்டா நானும்தானே ஓடினேன்?"

மகளையும் தாயோடு சேர்த்தே காத்திருக்க வைத்துவிட்டது அதுவரை அவர் புத்திக்கு எட்டியதே இல்லை.

பெயரை மாற்றித்தர டிரைவர் கூப்பிட, கல்தச்சர் வந்தார். "பழைய பேர அழிக்கணும்னா ஆழமா செதுக்கணும். பள்ளமா தெரியும், பரவாயில்லையா?" என்று கேட்டார். டிரைவர் தலையாட்டினார். உளிச் சத்தம் நின்று, நண்பனின் பெயர் வெள்ளையாகத் தெரிந்தபோது அவர் கல்லடியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். போர்முனையில்கூட அவனுக்காக அழ நேரம் கிடைத்ததில்லை.

மகள் ஒருமுறை வந்தாள். எழுத்துகளைத் தடவிப் பார்த்தாள். சட்டைகள் இருந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு, டிரைவரிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் அடுத்த பஸ்ஸில் ஏறிப் போனாள்.

மழை பெய்தால் அந்தப் பள்ளத்தின் விளிம்பில் ஈரம் தங்கிப் பாசி பிடிக்கிறது. மழை விட்டதும் டிரைவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நடந்து போய், பழந்துணியால் ஒற்றி எடுத்துவிட்டு வருகிறார்.