அக்கா முடித்துக் கொடுத்த மஞ்சள் சால்வை

அக்காவின் காரியத்துக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்கும் இந்த நினைவு மலரில் நான் எழுத வேண்டும் என்று அவருடைய மூத்த மகன் கேட்டான். "நல்லதா நாலு வார்த்தை எழுதுங்க சித்தி" என்றான். நல்லதை எழுதுகிறேன். எனக்கு அவர் செய்ததையும் எழுதுகிறேன். அதை விட்டுவிட்டால் இது வேறு யாரையோ பற்றிய கட்டுரையாகிவிடும்.

அரும்பாவூரில் வெங்காயம் போட்டுப் பிழைத்த குடும்பம் எங்களுடையது. அப்பா இறந்தபோது அக்காவுக்குப் பதினாறு வயது, எனக்கு எட்டு. அம்மாவோடு காட்டு வேலைக்குப் போய்க்கொண்டே அக்கா பள்ளிப் படிப்பை முடித்தார். பிறகு நர்ஸ் பயிற்சி. விடுதியில் கூடப் படித்த ஒரு மலையாளப் பெண்ணிடம் உல்லன் பின்னவும் கற்றுக்கொண்டார். அரியலூர் பக்கம் விக்கிரமங்கலத்தில் அத்தானுக்கு வாழ்க்கைப்பட்டு, சுற்றியிருந்த ஊர்களுக்கெல்லாம் நர்சம்மாவாக சைக்கிளில் போய் வந்தார். மழைக்காலத்தில் சைக்கிளை வழியில் யார் வீட்டிலாவது போட்டுவிட்டுச் சேற்றில் நடந்துபோய்ப் பிரசவம் பார்த்திருக்கிறார். கூலிக்காரர் வீடுகளில் ஒரு வாய் காப்பி கூடக் குடிக்க மாட்டார். "அவங்களே அரை வயிறு, இதுல எனக்கு வேறயா" என்பார்.

எனக்குக் கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து, தொண்ணூற்றைந்தில், வயிற்றில் குழந்தை தங்கியது. அப்போது நான் பெரம்பலூரில் இருந்தேன். அக்கா திருச்சிக்குப் போய் எட்டுக் கண்டு மஞ்சள் உல்லன் நூல் வாங்கிக்கொண்டு நேராக என் வீட்டுக்கு வந்தார். குழந்தையைச் சுற்றிப் படுக்க வைக்க ஒரு சால்வை. என் பக்கத்தில் உட்கார்ந்தே நான்கு விரல் அகலம் பின்னிவிட்டார்.

ஏழாம் மாதத்திலேயே பெண் குழந்தை பிறந்தது. இரண்டு நாள் இருந்தாள். என் கணவர் வெளியூரிலிருந்து வந்து சேர்வதற்குள் போய்விட்டாள்; கூட இருந்தது அக்கா மட்டும்தான். இனிமேல் குழந்தைக்கு வாய்ப்பில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் நான் அக்காவிடம் கேட்டது ஒன்றுதான்.

"அந்த உல்லன என் கண்ணுல காட்டாத. பின்னி முடிச்சு யாரு வூட்டுப் புள்ளைக்காச்சும் குடுத்துடு."

சில மாதங்கள் கழித்து அக்கா வந்து சொன்னார். "குடுத்துட்டேன். கூலிக்காரங்க வூட்டுத் தலைச்சன் புள்ள. பொண்ணு. செல்வின்னு பேரு வச்சிருக்காங்க. மஞ்சச் சால்வையில சுத்தி வச்சா அவ்வளவு அழகா இருக்கு."

பிள்ளை போன பிறகு அன்றைக்குத்தான் நான் முதல் தடவையாக வயிறாரச் சாப்பிட்டேன்.

அதன்பிறகு அக்காவைப் பார்க்கும்போதெல்லாம் செல்வியைப் பற்றிக் கேட்பேன். பல் முளைத்துவிட்டது என்பார். ஒன்றாம் வகுப்பில் போட்டிருக்கிறார்கள் என்பார். ஒரு வருடம் அம்மை போட்டது என்றார். தலைக்கு ஊற்றிவிட்டார்களா என்று நான் கேட்டுக் கேட்டு விசாரித்தேன். நேரில் பார்க்க ஆசைப்பட்டால், "கரும்பு வெட்ட வெளியூரு போயிட்டாங்க. வந்தா சொல்றேன்" என்பார். வருடா வருடம் தீபாவளிக்கு ஒரு பாவாடை சட்டை எடுத்து அக்காவிடம் கொடுத்துவிடுவேன். கடைக்காரர் "பொண்ணுக்கு எத்தனை வயசுங்க" என்று கேட்பார். "ஏழுங்க", "எட்டுங்க" என்று சொல்வேன். அப்படிச் சொல்வதற்காகவே கடைக்குப் போனேன் என்று கூடச் சொல்லலாம்.

போன வருடம் அக்காவுக்குச் சிறுநீரகம் கெட்டு, திருச்சி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். போர்த்திக்கொள்ள ஒரு கெட்டியான துணி வேண்டும் என்று அத்தான் சொல்லியனுப்பினார். நான் விக்கிரமங்கலத்துக்குப் போய் அக்காவின் இரும்புப் பெட்டியைத் திறந்தேன். போர்வைக்கு அடியில் மஞ்சள் உல்லன் இருந்தது. நான்கு விரல் அகலம், ஊசியோடு அப்படியே. அதற்கும் அடியில் பத்துப் பாவாடை சட்டைகள். விலைச்சீட்டு கூடப் பிரிக்கவில்லை.

செல்வி என்று ஒருத்தி இல்லை. பத்து வருடமாக இல்லை. அந்தப் பெட்டி முன்னால் எனக்கு இரண்டாவது பெண்ணும் போனாள்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ப் போர்வையைக் கொடுத்தேன். அதன் மேல் கடைசியாக எடுத்த பாவாடையையும் வைத்தேன். அக்கா அதைப் பார்த்தார். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் பஸ் ஏறி வந்துவிட்டேன். மூன்று மாதம் போகவில்லை. நோயாளியோடு என்ன கோபம் என்று பலர் கேட்டீர்கள். காரணம் இதுதான்.

அத்தான் பெரம்பலூருக்கே வந்தார். "வீட்டுக்குக் கூட்டியாந்துட்டோம். கை நடுங்குது, சொன்னாலும் கேக்காம அந்த உல்லனப் பின்னிக்கிட்டே இருக்கா. ஒரு தடவை வந்துட்டுப் போம்மா" என்றார்.

போனேன். அக்கா கட்டிலில் சாய்ந்திருந்தார். மடியில் சால்வை, இன்னும் ஒரு சாண் பாக்கி. என்னை உட்காரச் சொல்லவில்லை, நானே உட்கார்ந்தேன்.

"ஏன்க்கா பொய் சொன்ன?"

"அன்னைக்கு நீ சாப்புடாம கிடந்த. ஒரு வார்த்த சொன்னேன், எழுந்து சாப்புட்ட. அப்புறம் அந்தப் புள்ள எப்படி இருக்குன்னு கேட்ட. என்ன சொல்லுவேன்?"

"பத்து வருசம் என்னைப் பைத்தியக்காரி ஆக்கிட்ட."

"ஆமாம்" என்றார். ஊசியை எடுத்துக்கொண்டார்.

அன்று முழுக்கவும் மறுநாளும் அவர் பின்னினார். வரிசை தவறினால் பிரித்துவிட்டு மறுபடி பின்னினார். நான் நூல்கண்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மறுநாள் மத்தியானம் கடைசி வரிசையை முடித்து நூலைக் கத்தரித்தார்.

"சுகாதார நிலையத்துல போன வாரம் ஒரு பொண்ணு பொறந்திருக்கு. நெசமாத்தான். நீயே உன் கையால குடுத்துட்டுப் போ" என்று என்னிடம் நீட்டினார்.

வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். "குடுக்க மாட்டேன். இது எம்புள்ளையோடது" என்றேன்.

அக்கா ஊசியைத் தலைமாட்டில் வைத்தார்.

"அதான் நானும் குடுக்கல" என்றார்.

பத்தொன்பது நாள் கழித்து அக்கா போய்ச் சேர்ந்தார்.

அந்த நாட்களில் முறை வைத்து வந்து அக்காவைத் தூக்கி உட்காரவைத்துத் துடைத்துவிட்டவர்கள், அவர் கையில் பிள்ளை பெற்ற பெண்கள். அவர்களுக்கும், முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட அத்தானுக்கும் பிள்ளைகளுக்கும், அரும்பாவூரிலிருந்தும் பெரம்பலூரிலிருந்தும் மூன்று பஸ் மாறி வந்து நின்ற சொந்தங்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் கட்டுரை நன்றாக முடியும் என்று மூத்தவன் சொன்னான். நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் என் பிள்ளையின் முகத்தை அந்த இரண்டு நாளும் பார்த்தவர்கள் நானும் அக்காவும் மட்டும்தான். இனி அவளைப் பற்றிச் சண்டை போடக்கூட எனக்கு ஆள் இல்லை.