கணேசபாண்டியனின் வெறும் வயிறு

தாராவியில் இட்லிக்காரர்கள் குடியிருக்கும் சந்தில் கணேசபாண்டியனின் நாக்குக்குத் தனி மரியாதை உண்டு. அதில் பெரும்பகுதியை அந்த நாக்கே தேடிக்கொண்டது. சாம்பாரில் ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கி, கண்ணை மூடி, "காயம் ஒரு நூல் கொறையுது" என்பார். ஒரு நூல் என்றால் எவ்வளவு என்று மனைவி இசக்கியம்மாள் கேட்டதே இல்லை. கேட்டால் விளக்குவார். விளக்கி முடிப்பதற்குள் இட்லி கல்லாகிவிடும்.

நாங்குநேரிப் பக்கமிருந்து வந்த நாளாய் அவர் இட்லி விற்கப் போவது குர்லா லைன். சைக்கிள் கேரியரில் இட்லி டப்பா, ஹேண்டிலில் சாம்பார்த் தூக்கு, கைக்கு வாகாய் ஒரு ரப்பர் ஹாரன். அந்த 'பாம் பாம்' கேட்டால் பட்டறைகளில் சுத்தியல் நின்றுவிடும் என்பது அவரே பரப்பிய செய்தி.

அப்பேர்ப்பட்டவருக்கு இருமல் வந்தது, வந்தது போகவில்லை. சட்டை தொளதொளத்தது. மாநகராட்சி ஆஸ்பத்திரியில் சளியைப் பார்த்துவிட்டு டிபி என்றார்கள். வீட்டுக்கு வந்ததும் இசக்கியம்மாள் அழுதாள், மூக்கைச் சிந்தினாள், பிறகு சைக்கிளிலிருந்து ஹாரனைக் கழற்றிச் சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினாள்.

"சளியில கிருமி இல்லைன்னு டாக்டரம்மா சொல்லட்டும், எடுத்துத் தாரேன். அதுவரைக்கும் லைனுக்கு என் தம்பி ஹரி போவான்."

"ஹரியா? அவன் ஹாரன் அடிச்சா நாய்கூடத் திரும்பாது ளா."

"அதான் அவனுக்கும் குடுக்கல. வாயால கத்திக்கிடுவான்."

மாத்திரை கொண்டுவந்தவள் சபுரா. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வீடாய் வந்து டிபிக்காரர்களைக் கவனிக்கிறவள். தன் ஊர்ப்பக்கத்து மேலப்பாளையத்துப் பெண் என்று தெரிந்ததும் கணேசபாண்டியனுக்குப் பாதி நோய் போனமாதிரி இருந்தது.

"அண்ணாச்சி, காலையில வெறும் வயித்துல, எல்லா மாத்திரையும் ஒரே நேரத்துல போடணும். ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் சாப்பாடு. ஒண்ணுக்கு ஆரஞ்சுக் கலர்ல போவும், பயந்துராதிய. கண்ணு மஞ்சளாச்சு, வாந்தி நிக்கலன்னா ஒடனே எனக்கு போன் அடிக்கணும். வேற என்ன மருந்து குடிச்சாலும் சொல்லிரணும்."

"இட்லி அவிக்கலாமா தங்கச்சி?"

"இட்லியில பரவாது, இருமல்லதான் பரவும். மாஸ்க்கப் போட்டுக்கிட்டுக் கதவத் தொறந்து வச்சு அவிங்க."

அவித்தார். ஒருநாள்கூட மாத்திரையைத் தவறவிடவில்லை. காலியான அட்டைகளைத் தூக்கிப் போடாமல், வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பதக்கம்போல் காட்டினார். இருமல் குறைந்தது. ஆணியில் தொங்கிய ஹாரனைத் துணியால் துடைத்துவைத்தார்.

இரண்டு மாதம் கழித்து மறுபடி சளி கொடுத்தார். கிருமி இன்னும் இருந்தது.

அன்று கணேசபாண்டியன் சாம்பாரைப் பற்றிப் பேசவில்லை என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம். குர்லாவில் வேறொரு இட்லிக்காரன் தலைகாட்டுவதாக ஹரி வேறு வந்து சொன்னான். இன்னும் ஒரு மாதம் போனால் லைனும் இல்லை, உயிரும் இருக்குமோ இல்லையோ. மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியோ என்று டாக்டரம்மா இன்னொரு பரிசோதனைக்கு அனுப்பினார். இல்லை, கட்டுப்படுகிற கிருமிதான்.

"அப்போ கட்டுப்படாதது கிருமி இல்ல" என்று இசக்கியம்மாள் புருஷனைப் பார்த்தாள்.

"நாளைக்கு நீங்க மாத்திரை போடுத நேரத்துக்கு வாரேன் அண்ணாச்சி" என்றாள் சபுரா.

விடியும்போது வந்து வாசலிலேயே நின்றாள். அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. கணேசபாண்டியன் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கினார். ஒரு கரண்டி உள்ளங்கையில். ஏற்றினார். உப்புப் போட்டார். இறக்கினார், இன்னொரு கரண்டி. தேங்காய்ச் சட்னி ஒரு விரல். காரச் சட்னி ஒரு விரல், அதில் சந்தேகம் வந்து மறுவிரல். முதல் ஈடு இறங்கியதும் பதம் பார்க்க ஒரு இட்லியைப் பிட்டுச் சாம்பாரில் முக்கினார். பிட்ட பாதி தனியாக இருப்பது அழகில்லை என்று மற்ற பாதியும் போனது. பிறகு நெஞ்சைத் தடவிக்கொண்டே, மெடிக்கலில் வாங்கிய நெஞ்செரிச்சல் மருந்தை ஒரு மூடி குடித்தார். கடைசியாக மாத்திரைகளை எடுத்துக்கொண்டு, சபுராவைப் பார்த்துப் பெருமையாகச் சொன்னார்:

"பாத்துக்கோ தங்கச்சி. வெறும் வயிறு."

"அது வயிறா, அண்டாவா?" என்றாள் இசக்கியம்மாள்.

"ஏளா, ருசி பாக்கது சாப்பாடா? எலையப் போட்டு உக்காந்து சாப்பிட்டாத்தான் சாப்பாடு. சமையக்காரன் எவனாச்சும் ருசி பாத்ததச் சாப்பிட்டதா சொல்லுவானா?"

"நீங்க சொல்ல மாட்டிய அண்ணாச்சி. வயித்துக்கு எலை போட்டது தெரியுமா, போடாதது தெரியுமா?" சபுரா சிரிப்பை அடக்கினாள். "சரி, அந்த பாட்டில் என்ன? வேற மருந்து குடிச்சா சொல்லணும்னேம்லா."

"இது மருந்தா? மோர் மாதிரி இருக்கு. குளிர்ச்சிக்கு."

டாக்டரம்மா அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார். இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாதாம். ஆனால் சாப்பாட்டோடும் அந்தப் பாட்டிலோடும் சேர்ந்தால் மாத்திரை உடம்பில் சேரவேண்டிய அளவு சேராமல் போகலாமாம். மருந்தை மாற்றவில்லை. எழுந்ததும் முதலில் மாத்திரை, பிறகுதான் அடுப்பு என்று வழக்கத்தை மாற்றினார். நெஞ்செரிச்சலை இனி என்னிடம் சொல்லுங்கள், கடையில் சொல்லாதீர்கள் என்றார்.

அதன்படி, உப்புப் போடும் நேரத்தில் கணேசபாண்டியனின் வாய்க்கு வேலையில்லை. நாக்கின் அதிகாரம் இசக்கியம்மாளுக்குப் போனது. அவர் சுவரோரம் உட்கார்ந்து மாஸ்க்கோடு மோப்பம் பிடித்தார்.

"உப்பு ஒரு நூல் கொறையுது."

"உப்புக்கு வாசன உண்டுமா?"

"எனக்குத் தெரியும்."

"எனக்கும் தெரியும், நீங்க சும்மா இருங்க."

அந்த ஒரு மணி நேரம் டிபியைவிடக் கொடியதாக இருந்தது. ஆனாலும் இருந்தார். கை தானாகக் கரண்டிக்குப் போனால், கண் தானாக ஆணிக்குப் போனது.

அடுத்த பரிசோதனையில் கிருமி இல்லை. சபுரா வந்து சொன்னாள், சொன்ன கையோடு விரலையும் நீட்டினாள்: "ஹாரன் வந்துட்டுன்னு மாத்திரைய விட்டுராதிய. உள்ள ஒளிஞ்சிருக்கது சாக, டாக்டரம்மா போதும்னு சொல்லுத வரைக்கும் போடணும். பாதியில விட்டா, பொறவு இந்த மாத்திரைக்கு அடங்காமப் போயிரும்."

"ஒரு மணி நேரம் வாயக் கட்டுனவன், மாத்திரையவா விடுவேன்?"

இசக்கியம்மாள் ஹாரனை எடுத்துத் தானே சைக்கிளில் மாட்டினாள். குர்லாவில் முதல் 'பாம்' கேட்டதும் வெல்டிங் பட்டறை ஜமால் ஓடி வந்தான்.

"ஆவோ அண்ணா! கித்னே தின் கே பாத்!" தட்டைச் சாம்பாரோடு சேர்த்து வழித்தான். "ஏக் பாத் போலூம்? ஆஜ்கல் ஆப்கா சாம்பார் பஹுத் படியா ஹை. பெஹ்லே ஸே பீ அச்சா. கோன் பனாதா ஹை?"

நாங்குநேரியில் பிறந்து பம்பாயில் ஹிந்தியை நன்றாகக் கற்றவருக்கு, இப்போதெல்லாம் சாம்பார் முன்னைவிடப் பிரமாதம் என்றது புரிந்தது; யார் செய்கிறார்கள் என்ற அந்தக் கேள்வி மட்டும் புரியவில்லை. ஹாரனை ஓங்கி அழுத்திவிட்டு அடுத்த பட்டறைக்குப் போனார்.

மறுநாள் காலையும் மாத்திரையைப் போட்டுவிட்டுச் சுவரோரம்தான் உட்கார்ந்தார். இசக்கியம்மாள் உப்புப் போட்டாள். அவர் மோப்பம்கூடப் பிடிக்கவில்லை.