பூதம் பேசிய தமிழ்

அது மட்டமான படம். இப்போது சொல்கிறேன். அன்றைக்குச் சொல்லியிருந்தால் எங்கள் தெருவில் உதை விழுந்திருக்கும். ஒரு ராஜா வாளைத் தூக்கிக்கொண்டு மந்திரவாதியைத் தேடிப் போவான், வழியெல்லாம் பூதம் வரும். பூதத்துக்குக் குரல் கொடுத்தது என் மாமா, அம்மாவின் தம்பி.

மாமாவுக்குக் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிற வேலை. மெஷின் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தித் தொண்டை கரகரவென்று ஆகியிருந்தது. அங்கே படமெடுக்க வந்தவர்கள் அந்தக் குரலைக் கேட்டுக் கூட்டிப்போனார்கள். பூதம் பேர் வாங்கினால் அடுத்த படத்தில் முகத்தையே காட்டலாம் என்றார்கள். மாமா அதை நம்பி ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கினார்.

விமர்சனம் வந்த வாரப் பத்திரிகையை ஈரக் கையோடு கொண்டுவந்து என்னிடம் நீட்டினார். நான் நான்காம் வகுப்பு. வீட்டில் வேகமாகப் படிக்கத் தெரிந்தவள் நான்தான். முதலில் கடைசி வரியைப் பார்த்தேன். நூற்றுக்கு முப்பத்தெட்டு.

“மாமா, பாஸு!” என்று கத்தினேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் முப்பத்தைந்துக்கே பாஸ்.

“பார்டா! நானே பாஸ் பண்ணதில்ல, என் பூதம் பண்ணிகீது. அதப் பத்தி இன்னா போட்டுகீறான், படி.”

வாள் அட்டை, மந்திரம் தூக்கம் என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். அதில் தப்பே இல்லை. பூதத்துக்கு ஒரே வரி: ‘பூதத்தின் கொச்சைப் பேச்சு மட்டும் அருவருப்பு வரும் அளவுக்குத் தத்ரூபம்.’

“உன்ன மட்டும் நல்லா சொல்லிகீறான்டா,” என்றாள் அம்மா.

“கொச்சைன்னா இன்னாக்கா?”

அம்மா குழம்பைக் கிளறப் போய்விட்டாள்.

மறுநாள் டீச்சரிடம் கேட்டேன். “வீட்டுல ‘இன்னா’, ‘கீது’ன்னு பேசுறீங்களே, அதான்,” என்றார். தெலுங்கு, உருது மாதிரி எங்கள் பேச்சுக்கும் ஒரு பெயர்! அதைப் பத்திரிகையில் வேறு போட்டிருக்கிறார்கள்! எனக்குத் தலைகால் புரியவில்லை. நேரே ஐஸ் மெஷினுக்கு ஓடினேன்.

“கொச்சைன்னா நம்ம பேச்சு மாமா!”

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. “சரி, வூட்டுக்குப் போ,” என்றார். அவ்வளவுதான்.

அடுத்த வாரம் படக் கம்பெனி ஆள் வீட்டுக்கே வந்தார். இந்த முறை முகமும் உண்டு, ஆனால் பூதம்தான், அதே பேச்சுதான் என்றார்.

“ராஜா இன்னா பேசுவாரு?”

“அவர் நல்ல தமிழ் பேசுவார்ப்பா.”

“அப்போ பூதத்துக்கும் அவரையே பேசச் சொல்லு நைனா. எனக்கு ஐஸ் லோடு கீது.”

கைக்கு வந்த சினிமாவை விட்ட மடையன் என்று இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பேசவேண்டி வந்தது. பள்ளிக்கூடப் படிவத்தில் பெரியவர் யாராவது கையெழுத்துப் போட வேண்டும். அப்பா கடலில். படிவத்தை நானே நிரப்பியிருந்தேன். மாமா எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றார்.

தாய்மொழி: கொச்சை.

என் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கி அந்தச் சொல்லை அடித்தார். அதன் மேலே ‘தமிழ்’ என்று எழுதினார். அழுத்திய அழுத்தில் தாள் கிழிந்தது.

நான் ஓவென்று அழுதேன். அடித்தல் திருத்தல் கூடாது என்று அந்தப் படிவத்திலேயே போட்டிருந்தது. படிக்கத் தெரியாத மாமா என் தாளைக் கெடுத்துவிட்டார் என்று அம்மாவிடம் புகார் சொன்னேன்.