அண்ணாச்சி ருசிக்காத வாத்து

பாளையங்கோட்டையிலிருந்து அவர் மகள்தான் அழைத்தாள். "மாமா, அப்பா காலையில போயிட்டாங்க." அபுதாபி அங்காடியில் எங்களோடு வேலை பார்த்தவர்களுக்குப் பெயர் சொல்ல வேண்டியதில்லை, அண்ணாச்சி என்றால் ஒருவர்தான். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சங்கரலிங்கம் அண்ணாச்சி பிறந்ததிலிருந்தே சைவம். முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடமாட்டார். எங்கள் பிரெஞ்சு இறைச்சிப் பிரிவுக்கு அவர்தான் பொறுப்பாளர்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த ஆண்டுகளில் எண்ணெய்க் கம்பெனிகளுக்கு வந்த பிரெஞ்சுக் குடும்பங்கள் ஏங்கிக் கேட்டது ரியெத். இறைச்சியை அதன் கொழுப்பிலேயே குழைய வேகவைத்து, நார் நாராகப் பிரித்து, ஜாடியில் அடைத்து வைப்பார்கள். ரொட்டியில் தடவித் தின்பது. அண்ணாச்சி எங்கெங்கோ விசாரித்து அதை வரவழைத்தார். பன்றி ரியெத், முஸ்லிம் அல்லாதோருக்கான பின்னறையில் இருக்கும்; வாத்து, பொது அலமாரியில்.

ருசி பார்ப்பது என் வேலை. நான் நாகர்கோவில் கிறிஸ்தவன், எதையும் தின்பவன். "ஒரு வாய் தின்னுட்டுச் சொல்லுடே. உன் நாக்கை வச்சுத்தான் நான் பொழைக்கேன்" என்பார். நான் குபூஸ் ரொட்டியில் தடவி, எலுமிச்சை ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு தின்பேன். அடடா, என்ன ருசி! நான் வர்ணிப்பதை அப்படியே வாடிக்கையாளரிடம் சொல்லி விற்றுவிடுவார். ஒரு பிரெஞ்சு அம்மா அவரைப் பெரிய சாப்பாட்டுப் பிரியர் என்றே நம்பியிருந்தார்.

ஒரு பெருநாளுக்கு முன் புதிய வாத்து ரியெத் வந்து இறங்கியது. பிரான்சில் படித்த அரபு வாடிக்கையாளர் ஒருவர் தன் வீட்டு விருந்துக்குப் பெட்டி பெட்டியாகச் சொல்லி வைத்திருந்தார். நான் ஒரு வாய் வைத்ததுமே நிறுத்தினேன்.

"அண்ணாச்சி, இதுல பன்னிக் கொழுப்பு கலந்திருக்கு. எங்க வீட்டுல கிறிஸ்துமஸுக்குக் காய்ச்சுற அதே வாசனை."

"நிச்சயமாடே?"

"நிச்சயம்."

மேனேஜர் சென்னைக்காரர், கத்தினார். "ஸ்டிக்கர்ல வாத்துன்னு இருக்குல்ல? கலாஸ், அத்தோட முடிஞ்சுது. இவன் பேச்சைக் கேட்டு ஸ்டாக்கை எடுத்தீங்கன்னா உங்க விசா கேன்சல்."

"எனக்குத் தெரியாம எவனாவது என் எலையில கறிச்சாறை ஊத்துனா எனக்கு எப்படி இருக்கும் சார்? அவங்களுக்கும் அப்படித்தான" என்றார் அண்ணாச்சி. மகள் அப்போதுதான் இன்ஜினியரிங் சேர்ந்திருந்தாள். ஆனாலும் தானே தள்ளுவண்டியில் அத்தனை ஜாடிகளையும் பின்னறைக்குக் கொண்டுபோனார். அந்த வாடிக்கையாளரையும் அழைத்து, சந்தேகம் இருக்கிறது, உங்களுக்குத் தரமாட்டேன் என்று நேராகச் சொல்லிவிட்டார்.

தயாரித்தவர்களிடம் கேட்டு எழுதிவிட்டுக் காத்திருந்தோம். அந்த நாட்களில் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவரோ எப்போதும்போல இஸ்திரி போட்ட சட்டையோடு டூட்டிக்கு வந்தார்.

"அண்ணாச்சி, நான் சொன்னது தப்பா இருந்தா?"

"தப்பா இருந்தா ஊருக்குப் போவேன். வேற என்னடே?"

பதில் வந்தது. ஆமாம், எங்கள் ஊர் வழக்கப்படி கொஞ்சம் பன்றிக் கொழுப்பு சேர்ப்போம் என்று பெருமையாகவே எழுதியிருந்தார்கள். இங்கே பிரெஞ்சு லேபிளின் மேல் அரபு ஸ்டிக்கர் ஒட்டியவர்கள் அதை எழுதாமல் விட்டிருக்கிறார்கள். மேனேஜர் பிறகு விசா பேச்சே எடுக்கவில்லை. அந்த அரபுக்காரர் கடைக்கு வந்து எங்கள் இருவர் கையையும் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

அவர் போய்விட்டார் என்பது இன்னும் மனதில் ஏறவில்லை. ஆனால் அழுவதைவிட, அவரோடு வேலை பார்த்தேன் என்று மார்தட்டிச் சொல்லவே தோன்றுகிறது. தான் ஒருநாளும் வாயில் வைக்காத ஒரு பண்டத்தைப் பற்றி நான் சொன்ன ஒரு வார்த்தைக்காக அவர் தன் பிழைப்பையே பணயம் வைத்தார். என் அப்பாகூட என்னை அவ்வளவு நம்பியதில்லை. அந்த நம்பிக்கைதான் என்னிடம் மிச்சமிருக்கும் அண்ணாச்சி.